மறதி நோய் வந்த பெரியவரும் மாத்திரைப் பையும்: வீட்டாருக்கான முழுமையான வழிகாட்டி

டிமென்ஷியா தனியாக வருவது அபூர்வம். எழுபத்தைந்து வயதில் ஒருவருக்கு மறதி தொடங்கும்போது சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, மூட்டுவலி மாத்திரை, கேஸ் மாத்திரை எல்லாம் ஏற்கெனவே அவர் வீட்டு அலமாரியில் குடியேறியிருக்கும். இதய மருத்துவர் நான்கு எழுதியிருப்பார், சர்க்கரை மருத்துவர் மூன்று, எலும்பு மருத்துவர் இரண்டு. நரம்பியல் மருத்துவர் மறதிக்கென்று இன்னும் ஒன்றோ இரண்டோ சேர்ப்பார். அவரவர் பங்குக்குச் சரியாகத்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் மொத்தப் பட்டியலையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவர் என்று யாரும் இருக்க மாட்டார்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023இல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. இவர்களில் பெரும்பாலோருக்கு வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது மனைவி, மகள், மருமகள், சில வீடுகளில் மகன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்று: இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். சில மருந்துகளைத் திடீரென்று நிறுத்துவது, தொடர்வதைவிட ஆபத்து. மருத்துவரிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்பதற்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: வீட்டில் உள்ள எல்லாவற்றையும் ஒரே பையில் போடுங்கள்

ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். அலமாரி, ஃபிரிட்ஜ் கதவு, தலையணைக்கு அடியில், டிவி ஸ்டாண்டில் இருக்கும் டப்பா என்று ஒன்றையும் விடாதீர்கள். மறதி உள்ளவர்கள் மாத்திரையை ஒளித்து வைப்பதும் உண்டு. சட்டைப்பையையும் புடவை மடிப்பையும் பாருங்கள்.

மாத்திரை மட்டும் போதாது. கண்ணில் விடும் சொட்டு, இன்ஹேலர், இன்சுலின், வலித் தைலம், மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கிய சளி மாத்திரை, மலச்சிக்கல் பொடி, லேகியம், சூரணம் எல்லாமே பைக்குள் வர வேண்டும். கண் சொட்டு எதற்கு என்று தோன்றலாம். கண் அழுத்தத்துக்கு விடும் டைமோலால் சொட்டு உடம்புக்குள் போய் நாடித் துடிப்பைக் குறைக்கும். மறதிக்குத் தரும் டொனெபெசிலும் நாடியைக் குறைக்கும். கண் மருத்துவருக்கு ஒன்று தெரியும், நரம்பியல் மருத்துவருக்கு இன்னொன்று தெரியும். அப்பா குளியலறையில் மயங்கி விழும்போது இரண்டையும் சேர்த்து யோசிக்க ஆள் வேண்டும்.

நாட்டு மருந்து சாப்பிடுவதை மருத்துவரிடம் சொன்னால் திட்டுவார் என்று மறைக்க வேண்டாம். பெயரே இல்லாத பொட்டல மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைக் கண்டுபிடித்த சம்பவங்கள் உண்டு. சர்க்கரை திடீரென்று எகிறியதற்குக் காரணம் அந்தப் பொட்டலமாகக்கூட இருக்கலாம்.

படி 2: பட்டியல் எழுதுங்கள், கம்பெனிப் பெயரை நம்பாதீர்கள்

ஒரு நோட்டில் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, யார் எழுதியது, எப்போதிலிருந்து, எதற்காக. சீட்டில் 1-0-1 என்று இருந்தால் காலை ஒன்று, இரவு ஒன்று. எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். அதைத் தினமும் கொடுத்துக்கொண்டிருக்கும் வீடுகள் ஏராளம்.

பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் மூல மருந்தின் பெயர் இருக்கும். அதைத்தான் எழுத வேண்டும். டெல்மா, டெல்மிகைண்ட் இரண்டிலும் உள்ளது டெல்மிசார்டன்தான். பான், பான்டோசிட் இரண்டும் பான்டபிரசோல்தான். இரண்டு மருத்துவர்கள் இரண்டு பெயரில் எழுதினால், அம்மா ஒரே பிரஷர் மருந்தை இரட்டிப்பாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். கூட்டு மாத்திரைகளில் இது இன்னும் எளிதாக நடக்கும்: ஒரே மாத்திரைக்குள் டெல்மிசார்டனோடு அம்லோடிபினும் இருக்கும், தனியாக இன்னொரு அம்லோடிபின் மாத்திரையும் பட்டியலில் இருக்கும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் மாத்திரையையும் தனியார் மருத்துவர் எழுதியதையும் சேர்த்துக் கொடுத்தால் இதே குழப்பம் வரலாம்.

கடையில் ஸ்ட்ரிப்பை வெட்டித் தரும்போது பெயரும் காலாவதித் தேதியும் வெட்டுப்பட்டுப் போகின்றன. மறதி நோயாளி இருக்கும் வீட்டுக்கு முழு ஸ்ட்ரிப்பாகவே கேட்டு வாங்குங்கள்.

படி 3: ஒவ்வொன்றுக்கும் 'எதற்காக?' என்று கேளுங்கள்

மேலே போட்ட கட்டத்தில் நிரப்பக் கடினமானது 'எதற்காக' என்பதுதான். அது காலியாக நிற்கும் மாத்திரைகளில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கிறது. ஒரு மருந்தின் பக்க விளைவைப் புதிய நோய் என்று நினைத்து அதற்கு இன்னொரு மருந்து எழுதுவது மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட சிக்கல்.

சாதாரண உதாரணம் அம்லோடிபின். பிரஷருக்கு நல்ல மருந்து. சிலருக்குக் கணுக்கால் வீங்கும். வீக்கத்தைப் பார்த்துவிட்டு நீர் பிரிய லாசிக்ஸ் எழுதுவார்கள். அப்பா இரவில் நான்கு முறை கழிப்பறைக்கு எழுந்திருப்பார். பொட்டாசியம் குறையும். ஒரு நாள் இருட்டில் வழுக்கி விழுவார்.

நம் ஊரில் இதைவிடக் கவனிக்க வேண்டியது தலைசுற்றல் மாத்திரை. 'கிறுகிறுன்னு வருது' என்று பெரியவர்கள் சொன்னதும் ஸ்டெமெடில் என்ற பெயரில் வரும் புரோகுளோர்பெரசினோ, ஸ்டுஜெரான் என்ற பெயரில் வரும் சின்னரிசினோ எழுதுவது வழக்கம். சில நாட்களுக்கென்று தொடங்கியது வருடக்கணக்கில் ஓடும். மெடிக்கல் ஷாப்பில் பழைய சீட்டைக் காட்டினாலே கிடைக்கும். நீண்ட நாள் எடுத்தால் இவை பார்கின்சன் போன்ற நிலையை உண்டாக்கும்: நடை சுருங்கும், கை நடுங்கும், முகம் உணர்ச்சியில்லாமல் இறுகும். அதைப் பார்கின்சன் நோய் என்று எண்ணி லெவோடோபா தொடங்கினால் அது சிலருக்கு மாயத் தோற்றங்களைக் கொண்டுவரும். 'கட்டிலுக்கடியில் யாரோ இருக்காங்க' என்று பாட்டி சொல்வார். அதற்கு மனநல மருந்து. அது நடையை இன்னும் கெடுக்கும். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி ஒரு தலைசுற்றல் மாத்திரை என்று நான்காவது மருத்துவரிடம் போகும்போது யாருக்கும் நினைவிருக்காது. நோட்டில் 'எப்போதிலிருந்து' என்று தேதியோடு எழுதச் சொன்னது இதற்காகத்தான். புதிய தொல்லை தொடங்கிய மாதத்தையும் புதிய மாத்திரை தொடங்கிய மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

படி 4: மறதியைக் கூட்டும் மருந்துகளைத் தேடுங்கள்

மூளையில் நினைவுக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் அல்சைமர் நோயில் குறைந்துபோகிறது. டொனெபெசில் போன்ற மருந்துகள் இருப்பதைச் சிதையாமல் காக்கின்றன. இதற்கு நேர் எதிராக அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்துகளும் வீடுகளில் சர்வசாதாரணமாகக் கிடக்கின்றன. அலர்ஜிக்குத் தரும் அவில், சளி மாத்திரைகளில் இருக்கும் குளோர்பெனிரமின், அரிப்புக்குத் தரும் ஹைட்ராக்சிசின், பிரயாண வாந்திக்கான புரோமெத்தசின், வயிற்றுப் பிடிப்புக்கான டைசைக்ளோமின், நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் தரும் அமிட்ரிப்டிலின், நடுக்கத்துக்குத் தரும் பேசிட்டேன், சிறுநீர் அடக்க முடியாமைக்கான ஆக்சிபியூட்டினின். இவை வாயை வறட்டும், மலத்தைக் கட்டும், சிறுநீரை அடைக்கும், மூளையைக் குழப்பும்.

இதில் வேடிக்கையும் வேதனையும் கலந்த ஒன்று உண்டு. டொனெபெசில் சிலருக்குச் சிறுநீரை அடக்க முடியாமல் செய்யும். அதற்கு ஆக்சிபியூட்டினின் எழுதினால், ஒரே ஆள் ஒரே நாளில் அசிட்டைல்கோலினைக் கூட்டும் மருந்தையும் தடுக்கும் மருந்தையும் காசு கொடுத்துச் சாப்பிடுகிறார்.

அடுத்தது தூக்க மாத்திரைகள். அல்பிரசோலம், குளோனசெபாம், லோரசெபாம் ஆகியவை பகலில் மந்தத்தையும் இரவில் விழுதலையும் கொண்டுவரும். ஆனால் பல ஆண்டுகள் எடுத்தவருக்கு ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், மருத்துவர் சொல்லும் அளவில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்க வேண்டும்.

மூன்றாவதாக, இரத்தப் பரிசோதனையில் மட்டும் தெரியும் சில. ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற நீர் மாத்திரைகளும், மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராமும் சோடியத்தைக் குறைக்கக்கூடியவை. சோடியம் இறங்கினால் பெரியவர் குழம்பிப் பேசுவார். மெட்ஃபார்மின், பான்டபிரசோல் இரண்டுமே நீண்ட காலம் எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம். பி12 குறைபாடே மறதியைத் தரும். சோடியம், பி12, தைராய்டு மூன்றையும் பார்த்தாகிவிட்டதா என்று கேளுங்கள்.

இந்த வகை மருந்துகளுக்கென்று ஒரு பட்டியல் 1991இல் அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ் தலைமையில் உருவானது. பியர்ஸ் அளவுகோல் என்ற பெயரில் 2023 வரை பலமுறை புதுப்பித்திருக்கிறார்கள். 'டாக்டர், இதில் பியர்ஸ் பட்டியலில் வருவது எதாவது இருக்கா?' என்று கேட்பதில் தவறே இல்லை.

படி 5: மறதி மாத்திரையிடம் அளவோடு எதிர்பாருங்கள்

டொனெபெசில், ரிவாஸ்டிக்மின், கலந்தமின், மெமன்டின் என்று பரவலாகப் பயன்படுபவை நான்குதான். எதுவும் நோயைக் குணமாக்காது. சிலருக்குச் சில காலம் சரிவை மெதுவாக்கும்; சிலருக்கு ஒன்றும் தெரியாது. டொனெபெசிலை 5 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு முதல் ஆறு வாரம் கழித்தே 10க்கு உயர்த்துவார்கள். குமட்டல், வயிற்றுப்போக்கு, பசியின்மை, எடை குறைதல், மெதுவான நாடி இவற்றைக் கவனியுங்கள். இரவில் கெட்ட கனவு வந்தால் காலை வேளைக்கு மாற்றலாமா என்று கேட்கலாம்.

ரிவாஸ்டிக்மின் தோலில் ஒட்டும் பட்டையாகவும் வருகிறது. பழையதை உரித்துவிட்டுத்தான் புதியதை ஒட்ட வேண்டும். முதுகில் நேற்றையது இருக்கும்போதே இன்று கையில் ஒன்று ஒட்டினால் அளவு கூடி வாந்தி, மயக்கம் வரை போகும். இரண்டு பேர் மாறி மாறிப் பார்த்துக்கொள்ளும் வீடுகளில் பட்டையின் மேல் பேனாவால் தேதி எழுதுவது நல்லது.

படி 6: சர்க்கரைக்கும் பிரஷருக்கும் இலக்கைத் தளர்த்தச் சொல்லுங்கள்

என் பார்வையில், இந்த வீடுகளில் அவசரமாகப் பேச வேண்டியது தாழ் சர்க்கரை பற்றித்தான். ஐம்பது வயதில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7க்குக் கீழே இருக்க வேண்டும் என்று படித்த பாடத்தை எண்பது வயது மறதி நோயாளியிடமும் பிடிவாதமாகக் கடைப்பிடிக்கிறோம். மறதியும் வேறு பல நோய்களும் உள்ள முதியவருக்கு 8க்குக் கீழே இருந்தால் போதும் என்று அமெரிக்க நீரிழிவு சங்கமே தளர்த்திச் சொல்கிறது. நோய் முற்றியவருக்கு அந்த எண்ணைத் துரத்தவே வேண்டாம், தாழ் சர்க்கரை வராமலும் மிக அதிகமாகாமலும் பார்த்தால் போதும் என்பது அதன் நிலைப்பாடு.

காரணம் எளிது. மறதி உள்ளவர் சாப்பிட்டதை மறந்து மறுபடி கேட்பார். சாப்பிடாமலே 'சாப்பிட்டேன்' என்றும் சொல்வார். தட்டில் பாதி இட்லி மிஞ்சும். ஆனால் கிளைமிபிரைடும் கிளிபென்கிளமைடும் அவர் சாப்பிட்டாரா என்று பார்க்காமல் சர்க்கரையை இறக்கும். வியர்வை, படபடப்பு, பசி என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. திடீர்க் கோபமாகவோ உளறலாகவோ தூக்கமாகவோதான் அது வெளியே தெரியும். 'நோய் முத்திடுச்சு' என்று நாம் நினைத்துக்கொள்வோம். எனவே இப்படி எந்த மாற்றம் வந்தாலும் முதலில் விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்து, விழிப்போடு விழுங்கக்கூடியவராக இருந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். சுகர் ஃப்ரீ இதற்கு உதவாது. மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். சரியான பின்னும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையின் அளவோ வகையோ மாற வேண்டியிருக்கும். கிளிபென்கிளமைடு பட்டியலில் இருந்தால் மாற்றக் கேட்பதற்கு அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டாம். சாப்பாடு நிச்சயமில்லாத நாளில் இன்சுலினை எப்படிப் போடுவது என்பதையும் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரஷரைப் படுத்த நிலையிலும், எழுந்து நின்ற பின் 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் நோட்டில் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

படி 7: கத்தலுக்கும் சந்தேகத்துக்கும் மருந்துக்கு முன் காரணம் தேடுங்கள்

மாலையானால் 'வீட்டுக்குப் போகணும்' என்று அடம், 'என் நகையை எடுத்துட்டே' என்று பழி, இரவெல்லாம் நடை. பார்த்துக்கொள்பவர் உடைந்துபோவது இங்கேதான். ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின், ஒலான்சபைன், ஹாலோபெரிடால் போன்றவற்றை இதற்கு எழுதுவார்கள். டிமென்ஷியா உள்ள முதியவர்களிடம் இவை இறப்பு அபாயத்தைக் கூட்டும் என்று, முதல் மூன்றைப் போன்ற புதிய வகைகளுக்கு 2005இலும் ஹாலோபெரிடால் போன்ற பழைய வகைகளுக்கு 2008இலும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. சுமார் பத்து வாரச் சோதனைகளில் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.6 சதவீதம் பேர் இறந்தபோது, புதிய வகைகளை எடுத்தவர்களில் இறந்தது 4.5 சதவீதம். லூயி பாடி வகை டிமென்ஷியாவில் இவை உடம்பை மரக்கட்டைபோல் இறுக வைத்து உயிருக்கே உலை வைக்கலாம்.

அதற்காக ஒருபோதும் கூடாது என்றில்லை. தனக்கோ பிறருக்கோ காயம் ஏற்படுத்தும் நிலையில் குறைந்த அளவில், குறைந்த காலத்துக்குத் தேவைப்படும். தொடங்கும் அன்றே 'எப்போது குறைத்துப் பார்ப்போம்?' என்று கேட்டுத் தேதி வாங்குங்கள். நான்கு வாரத்தில் பலனில்லையென்றால் படிப்படியாக நிறுத்துவதும், பலன் இருந்தாலும் நான்கு மாதத்துக்குள் குறைத்துப் பார்ப்பதும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2016ஆம் ஆண்டுப் பரிந்துரை.

அதற்கு முன் மலம் கழித்து எத்தனை நாள், சிறுநீர் போகிறதா, பல்லில் வலியா, செவிக் கருவி வேலை செய்கிறதா என்று பாருங்கள். வலியைச் சொல்லத் தெரியாதவர் கத்துவார். நார்வேயில் முதியோர் இல்லங்களில் 352 பேரிடம் நடந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், வலிக்குப் படிப்படியாகச் சிகிச்சை தந்ததிலேயே கிளர்ச்சி குறைந்தது. அதில் பலருக்குக் கிடைத்தது வெறும் பாராசிட்டமால்தான். வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுவிடலாம் என்று கிளம்ப வேண்டாம். பிரஷர் மாத்திரையோடும் நீர் மாத்திரையோடும் சேர்ந்தால் அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

படி 8: கொடுக்கும் முறை

ஏழு நாள் கட்டம் போட்ட மாத்திரை டப்பாவை ஒருவரே ஞாயிற்றுக்கிழமை நிரப்பட்டும். டப்பாவைப் பெரியவர் கையில் விடாதீர்கள். வேளைகள் அதிகமானால் தவறும் அதிகமாகும். ஒரு நாளைக்கு இரண்டு வேளைக்குள் அடக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தைராய்டு மாத்திரை மட்டும் தனி: வெறும் வயிற்றில், காபிக்கு அரை மணி முன்னால், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி விட்டு.

'வேண்டாம், விஷம் வச்சிருக்கே' என்றால் வாதாடாதீர்கள். இருபது நிமிடம் கழித்து வேறு முகத்தோடு, 'அம்மா, காபி ஆறுது, இதைப் போட்டுக்கிட்டு குடிச்சிடலாமா?' என்று போனால் பல நாள் வேலை நடக்கும். நிமிர்ந்து உட்கார வைத்து, ஒவ்வொன்றாக. கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். தண்ணீரில் புரையேறினால் கெட்டித் தயிரிலோ மசித்த வாழைப்பழத்திலோ வைத்துத் தரலாம். சில ஆன்டிபயாடிக்குகள் தயிர், பாலோடு ஒத்துவராது என்பதால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், எக்ஸ்ஆர், ஈஆர், சிஆர் என்று இருப்பவற்றை இடிக்கவே கூடாது. பல மணி நேரத்தில் கரைய வேண்டியது ஒரே மூச்சில் கரைந்துவிடும். சிரப்பாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். எலும்புக்கான அலென்ட்ரோனேட்டை விழுங்கிய பின் அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். அந்த அரை மணி நேரத்தை அவரிடம் எதிர்பார்க்க முடியாவிட்டால் அந்த மாத்திரையே அவருக்கு ஏற்றதல்ல.

தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுப்பது எல்லா வீட்டிலும் நடக்கிறது, யாரும் ஒப்புக்கொள்வதில்லை. உயிருக்கு அவசியமான மருந்துக்கு, மருத்துவரிடம் சொல்லி, வீட்டார் கூடிப் பேசிச் செய்யுங்கள். கேஸ் மாத்திரைக்காக ஒருவரை ஏமாற்றத் தேவையில்லை.

படி 9: குறைப்பதற்கென்றே ஒரு நாள் மருத்துவரைப் பாருங்கள்

காய்ச்சலுக்குப் போகும்போது போகிறபோக்கில் கேட்டால் பதில் கிடைக்காது. பையையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு, 'இன்னைக்கு மருந்தைக் குறைக்கிறதப் பத்திப் பேசத்தான் வந்தோம்' என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். முதியோர் நல மருத்துவர் கிடைத்தால் நல்லது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978இலேயே டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024இல் திறந்தது. இவை எட்டாத ஊரில் உங்கள் குடும்ப மருத்துவர் போதும். மொத்தப் பட்டியலையும் பார்க்க ஒருவர் ஒப்புக்கொண்டால் சரி. எந்த இடத்தில் என்ன உதவி என்று தெரிய முதியோர் உதவி எண் 14567ஐ அழைக்கலாம்.

ஒரு நேரத்தில் ஒரு மருந்தை மட்டும் குறைக்கச் சொல்லுங்கள். இரண்டைச் சேர்த்துக் குறைத்தால் எதனால் என்ன ஆனது என்று தெரியாது. ஸ்டென்ட் வைத்தவர், பக்கவாதம் வந்தவர் ஆகியோரின் இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்துகளை மட்டும் அவற்றை எழுதிய மருத்துவரைக் கேட்காமல் யாரும் தொட வேண்டாம். மெட்ஃபார்மின் முதல் மெமன்டின் வரை பலவற்றின் அளவு சிறுநீரகத்தைப் பொறுத்தது. ஒல்லியான பெரியவருக்கு கிரியாட்டினின் இயல்பாகத் தெரிந்தாலும் சிறுநீரகம் பாதிதான் வேலை செய்துகொண்டிருக்கும். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஈஜிஎஃப்ஆர் எவ்வளவு என்று கேளுங்கள்.

படி 10: திடீர் மாற்றமும் டிஸ்சார்ஜும்

டிமென்ஷியா மாதங்களில், வருடங்களில் நகரும். ஒரே நாளில், இரண்டு நாளில் ஆளே மாறிப்போனால், உளறினால், எழுப்ப முடியாமல் தூங்கினால், அது வேறு. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, நீர்ச்சத்துக் குறைவு, மலம் இறுகுதல், புதிதாகத் தொடங்கிய மருந்து என்று காரணம் இருக்கும், பெரும்பாலும் சரிசெய்யக்கூடியதாகவும் இருக்கும். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், நோட்டை எடுத்துக்கொண்டு.

சேர்த்துத் திரும்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியில் புதுப் பட்டியல் ஒன்று இருக்கும். கையெழுத்துப் போட்டு வெளியே வருவதற்கு முன் அதையும் உங்கள் நோட்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: எது புதிது, அது எந்தத் தேதி வரை, எது நின்றது. வார்டில் தூங்க வைக்கத் தொடங்கிய மாத்திரை வீடு வரை கூடவே வந்திருக்கக்கூடும். வீட்டுக்கு வந்ததும் நிறுத்திய மருந்துகளின் ஸ்ட்ரிப்களை அலமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ள வரும் அண்ணிக்கோ சித்திக்கோ அது நின்றுபோனது தெரியாது. கையில் கிடைத்ததைக் கொடுத்துவிடுவார்.